முதல் அடியை விட்டுவிடும் பாட்டு

2024 மே 18, சனிக்கிழமை. விடுமுறை நாள்தான். ஆனாலும் தினமும் வேலைக்குப் போகும் பெங்களூர் ரயிலுக்குப் பழகிய உடம்பு நாலே முக்காலுக்கு எழுந்துவிட்டது. குழாயில் தண்ணீர் வந்தது. பதினொரு குடம் பிடித்தேன். கோட்டுக்கு இஸ்திரி போட்டேன். கிடாரில் புதுக் கம்பிகள் ஆறையும் மாட்டிச் சுருதி சேர்த்தேன். நாலு இட்லி. மாலை ஆறு மணிக்கு ஆண்டர்சன்பேட்டை சர்ச் ஹாலில் எங்கள் திருமண வெள்ளி விழா.

கல்லூரியில் படித்தபோது ஒரு கேசட் கைக்கு வந்தது. ரெக்கே இசை என்றதும் உலகம் நினைத்துக்கொள்ளும் அந்த ஜமைக்காக்காரரின் கேசட். அன்றிலிருந்து அவருடைய பாட்டுகளில் ஒன்பதை வரிசைப்படுத்தி, ஒவ்வொரு டிசம்பர் கடைசியிலும் டைரியில் எழுதிவருகிறேன். ஒன்பதாவதில் கிடாரும் குரலும் மட்டும்தான். குரல் களைத்திருக்கும், அதனாலேயே பிடிக்கும். ஐந்தாவதில் பேஸ் கிடார் இரண்டு வரிக்கு நின்றுவிட்டுத் திரும்பும். அப்போது எங்கள் அலமாரிக் கண்ணாடி அதிரும். நடுவில் உள்ளவை இடம் மாறிக்கொண்டே இருக்கும். முதலிடம் மட்டும் மாறியதில்லை. அது அவசரமே இல்லாத ஒரு காதல் பாட்டு.

அதைத்தான் என் கல்யாண மேடையில் பாடினேன். டிரம் வாசித்தவர் என் மனைவியின் அண்ணன். அப்போது அவர் தங்கச் சுரங்கத்தில், ஷாஃப்ட் என்ற செங்குத்துக் குழியில் ஆட்களைக் கொண்டுபோகும் கேஜ் கூண்டை ஏற்றி இறக்க மணி அடிக்கும் வேலையில் இருந்தார். ரெக்கேயில் நாலு எண்ணிக்கையில் முதல் அடி காலியாக இருக்கும். இரண்டிலும் நாலிலும் கிடார், மூன்றில்தான் டிரம் விழும். மச்சானோ முதல் அடியிலேயே ஓங்கிப் போட்டார். பாட்டு அணிவகுப்பாகிவிட்டது. "இன்னாப்பா, சாவு பேண்டா?" என்று பின்வரிசையில் ஒரு குரல். ஹாலே சிரித்தது. நான் கிடாரைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டேன். மேடையில் கல்யாணப் பெண் தனியாக நின்றாள். அதற்காக அவள் என்னைத் திட்டியதே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

போன மாதம்தான், சோற்றைப் பரிமாறிக்கொண்டே கேட்டாள்: "ஏங்க, அந்தப் பாட்டை முழுசா ஒரு தடவை எனக்காகப் பாடுவீங்களா? எங்க அண்ணன்தான் அடிக்கணும்."

பதினான்கு ஒத்திகை. பதினான்கிலும் மச்சானின் கை முதல் அடிக்கே ஓடியது. விழா நாள் காலை எட்டரைக்குக் கடைசி ஒத்திகைக்கு வந்தார்.

"மச்சான், மொத அடியில சும்மா இருக்கணும்."

"சும்மா இருக்கறதுக்கு நான் இன்னாத்துக்கு மாப்ளே? ஸ்டூலை உக்கார வெச்சிட்டுப் போயேன்."

மனைவி காபியோடு வந்தாள். "ஏண்ணா, ஷாஃப்ட்ல கீழேருந்து பெல் வர்றதுக்கு முன்னாடியே நீ பதில் பெல் அடிச்சிடுவியா?"

"அடிச்சா ஆளுங்க கதி இன்னா ஆவறது? அங்கருந்து வந்தாத்தான் இங்கருந்து போவும்."

"அப்போ இவர் கிடார்தான் கீழ பெல்லுன்னு நெனச்சிக்கோ."

மச்சான் டம்ளரைக் கீழே வைத்தார். குச்சியை எடுத்து என் விரல்களையே பார்த்தபடி உட்கார்ந்தார். நான் எண்ணினேன். ஒன்றில் எதுவும் இல்லை. இரண்டில் கிடார். மூன்றில் அவர் பதில். இருபது சுற்று, ஒரு பிசகு இல்லை.

"இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னாடா உனக்கு? இருபத்தஞ்சு வருஷம் வேஸ்ட்!" என்று என் மீதே பாய்ந்தார்.

மாலை ஆறு நாற்பத்திரண்டுக்கு மேடையேறினோம். பழைய கல்யாணத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் இருந்தார்கள். சிலர் இப்போதே சிரிக்கத் தயாராக வாயை வைத்திருந்தார்கள். முதல் அடி காலியாகப் போயிற்று. அந்த இடைவெளியில் மின்விசிறிச் சத்தம் கேட்டது. இரண்டில் நான். மூன்றில் மச்சான்.

ஹால் தப்பாகத்தான் கைதட்டியது. எல்லாரும் ஒன்றிலேயே தட்டினார்கள். மச்சான் அசையவில்லை. இரண்டாவது சரணத்துக்குள் கைகள் தாமாகவே எங்கள் பக்கம் வந்துவிட்டன. அப்போது என் மனைவி செருப்பை உதறிவிட்டு, பட்டுப்புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மேடைக்கு நடுவில் வந்து ஆடத் தொடங்கினாள். நாற்காலிகள் சுவரோரம் போயின. எண்பது வயதுப் பென்ஷன்காரர்களும் இடுப்பை அசைத்தார்கள். "இன்னொரு தபா!" என்று கத்தினார்கள். மூன்று முறை பாடினேன், மூன்றும் முழுசாக. மூன்றிலும் அவள் உட்காரவே இல்லை.

"எப்பிடி மாப்ளே?" என்றார் மச்சான், சட்டை முழுக்க வியர்வையோடு.

"ஆளுங்க பத்திரமா மேல வந்துட்டாங்க மச்சான்."

மறுநாள் ஞாயிறு. அவளால் கட்டிலிலிருந்து கால் ஊன்ற முடியவில்லை. முதல் வேலையாக வெந்நீர் போட்டு, ஒரு கைப்பிடி கல்லுப்பு கரைத்து, அகலமான அலுமினியச் சட்டியில் ஊற்றி, அவள் பாதங்கள் இரண்டையும் அதில் எடுத்து வைத்தேன்.