வாடகை வீட்டில் குடியேறிய வீட்டுக்காரர்

கரிக்கலாம்பாக்கத்தில் நெல் வயலாக இருந்து மனையாக மாறிய இடங்களில் ஒன்றை இன்னாசிமுத்து ஒரு கோடையில் வாங்கினார். தனியார் பள்ளி வேன் ஓட்டுநர் அவர். வேன் ஓட்ட முடியாத வயதில் வாடகை வந்தால் யாரிடமும் கை நீட்ட வேண்டாம் என்று நினைத்தார். தரை வெடித்துக் காய்ந்து கிடந்தது. தண்ணீர் தேங்காத இடம் என்று முடிவுக்கு வந்தார்.

வீட்டைக் கட்டி அன்புராஜ் குடும்பத்துக்கு விட்டார். அன்புராஜுக்குப் பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை. மனைவி சுவேதா, இரண்டு சிறு பிள்ளைகள். ஐப்பசி மழையில் அன்புராஜ் போன் செய்தார்.

"அண்ணே, வூட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சு."

"மழைன்னா தண்ணி வரத்தான்பா செய்யும்."

"கெண்ட மீனும் வந்துருக்குண்ணே."

இன்னாசிமுத்து மனைவி அமிர்தத்தோடு போய்ப் பார்த்தார். மீன் இருந்தது. வந்ததே வந்தார்கள் என்று சுவேதா மற்றதையும் காட்டினாள். குளியலறைக் கதவு மழைக்கு உப்பி நின்றது. சமையலறையில் ஜன்னல் இல்லை. ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரே பதிலைச் சொன்னார்: "பழகிடும்மா."

"நீ பழகுவியாய்யா?" என்றாள் அமிர்தம்.

"இன்னா, பழகுனா பழகிட்டுப் போறேன்."

"அப்ப நாம கொஞ்ச நாள் இங்க இருந்து பழகிட்டு, அப்புறமா இவங்களுக்குச் சொல்லிக் குடுப்போம்."

அமிர்தம் விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை. அந்த வார ஞாயிற்றுக்கிழமையே அன்புராஜ் குடும்பம் மாதா கோயில் தெருவில் இருந்த இன்னாசிமுத்துவின் சொந்த வீட்டுக்குப் போனது. இன்னாசிமுத்து தன் வாடகை வீட்டுக்குக் குடிவந்தார்.

வந்த மறுநாளே குளியலறைக்குள் மாட்டிக்கொண்டார். உப்பிய கதவு சாத்திக்கொண்டது, திறக்கவில்லை. அமிர்தம் மிக்சி ஓட்டிக்கொண்டிருந்தாள். மிக்சி நின்ற பிறகுதான் அவர் கத்தியது அவளுக்குக் கேட்டது.

"பழகிடும்யா," என்று சொல்லிவிட்டு, கதவைக் காலால் உதைத்துத் திறந்தாள்.

இதற்கிடையில் மாதா கோயில் தெருவிலிருந்து போன் வந்தது.

"அண்ணே, இந்த வூட்ல கட்டிலுக்கு மேல ஒழுகுதுண்ணே."

"கட்டிலுக்கு அடியில குண்டான் இருக்கும் பாருப்பா. அத எடுத்து மேல வச்சிக்கோ."

அமிர்தம் போனைப் பிடுங்கினாள். "எப்பா, நீ குண்டான் எல்லாம் வைக்காத. காலையில கொத்தனாரு வருவாரு." கணவரிடம் போனைத் திருப்பிக் கொடுத்தாள். கொத்தனாருக்குச் சொல்ல வேண்டியது அவர் பாடு.

அடுத்த பெருமழையில் வாடகை வீட்டுக்குள் மறுபடி தண்ணீர் ஏறியது. மின்சாரமும் போய்விட்டது. இன்னாசிமுத்து கட்டில்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கட்டில் கிடந்த இதே இடத்தில்தான் சுவேதா இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தான் அவளிடம் சொன்ன பதிலும் நினைவுக்கு வந்தது.

விடிந்ததும் குடை பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தார். தண்ணீர் ரோட்டிலிருந்து வரவில்லை. பின்புறம் பழைய வயல் வாய்க்கால் ஒன்று இருந்தது. கட்டுமானத்தில் மிஞ்சிய கல்லையும் மண்ணையும் கொட்டி அதன் வாயை அடைத்தது அவருடைய ஆட்கள்தான். கொட்டச் சொன்னது அவர்.

கொத்தனார் வந்து வாய்க்காலைத் திறந்து பெரிய குழாய் போட்டார், வாசற்படியை உயர்த்தினார். குளியலறைக்குப் பிளாஸ்டிக் கதவு, சமையலறைக்கு ஜன்னல். அன்புராஜ் திரும்பி வந்து எல்லாவற்றையும் பார்த்தார். அவர் முகத்தில் கவலைதான் தெரிந்தது.

"வாடக ஏத்துவீங்களாண்ணே?"

"தண்ணி வராததுக்கு எதுக்குப்பா கூட வாடக?"

அன்புராஜ் இன்னும் அங்கேதான் இருக்கிறார். சுற்றியுள்ள வீடுகளில் மழைக்காலம் முடிந்தால் ஆட்கள் மாறுகிறார்கள்.

சென்ற ஆண்டு இன்னாசிமுத்து பக்கத்து மனையில் இன்னொரு வீடு கட்டினார். வாடகைக்கு விடும் முன் ஒரு மழைக்காலம் தாங்களே இருந்து பார்ப்பது என்று இருவரும் குடிபோனார்கள். எங்கும் ஒழுகவில்லை. அமிர்தத்துக்கு அந்த வீடு பிடித்துப்போனது. பழைய வீட்டுக்குத் திரும்பி வர மாட்டேன் என்றுவிட்டாள். ஆகவே மாதா கோயில் தெரு வீடு வாடகைக்கு வந்தது.

பார்க்க வந்த புதுத் தம்பதியை அமிர்தமே அழைத்துப் போய்க் காட்டினாள். "மத்தியானம் இந்த ரூம்ல படுக்க முடியாது, வெயிலு நேரா அடிக்கும். பக்கத்து வூட்டுச் சேவல் நேரங்கெட்ட நேரத்துல கூவும். மோட்டார் போட்டா அணைக்க மறக்காதீங்க, தானா நிக்காது."

இன்னாசிமுத்து வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இந்த வீடு வாடகைக்குப் போகாது என்றே நினைத்தார்.

அந்தப் பெண் கணவனைப் பார்த்தாள். "நாம பாத்ததுலயே இவங்க மட்டுந்தான் உண்மய சொல்றாங்க," என்றாள். அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனார்கள்.