ஒரே ஏரி என்று அழித்த மென்பொருள்

‘இலவசம். நம்பலாம்.’ போன மாதம் ஒரு ஞாயிறு காலை ஒரு மென்பொருளைப் பற்றி நானே என் குறிப்பேட்டில் எழுதிய வரி இது. படித்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

கணினியில் இடம் போதாமல், இரட்டைக் கோப்புகளை நீக்கும் அந்த மென்பொருளை இறக்கினேன். ஆறு ஆண்டுகளாக ஞாயிறுதோறும் கோவில்பதாகை ஏரியை ஒரே இடத்தில் நின்று படமெடுத்து வருகிறேன். ‘ஒத்த படங்களையும் நீக்கு’ என்பதற்கு மென்பொருள் தானாகவே டிக் போட்டு வைத்திருந்தது. நான் கவனிக்கவில்லை. ஒரே ஒரு படத்தை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் துடைத்துவிட்டது.

கணினி பழுதுபார்க்கும் நண்பர் அந்தோணி சிரித்தார். “இன்னா மச்சான், வாராவாரம் அதே ஏரிய அதே எடத்துல நின்னு புடிச்சிகினு கீறே. அதுக்கு எல்லாம் ஒண்ணாதானே தெரியும்?”

“தண்ணி ஏறினது தெரியலையா அதுக்கு?” என்று கத்தினேன்.

அவர் மீட்டுத் தந்தது பாதிதான். இப்போது எந்த இலவச மென்பொருளையும் முதலில் நகல் கோப்புறையில்தான் ஓட்டிப் பார்க்கிறேன். அதுவாகப் போட்ட டிக்குகளை எடுத்த பிறகே பொத்தானைத் தொடுகிறேன்.

மீண்ட படங்களில் தேதி இல்லை. ஏரி நிரம்பி வழிந்த ஞாயிறு எது என்பதை இன்னும் உறுதிசெய்ய முடியவில்லை.