மேற்கோள் பட்டியலில் வந்த லாரி ஓட்டுநர்

நான் நாமக்கல் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் எம்.இ. படிக்கிறேன். ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீரைச் சுத்திகரிப்பது பற்றிய என் ஆய்வறிக்கைக்கு மேற்கோள் பட்டியலை ஒரு மென்பொருளே தயாரித்தது. கட்டுரையின் இணைய முகவரியைக் கொடுத்தால் ஆசிரியர், ஆண்டு, இதழ் எல்லாம் தானாக வந்துவிடும். அதனால் நான் சரிபார்க்கவில்லை.

அச்சுக்குக் கொடுக்கும் நாளன்று, எங்கள் ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் கவிதா அக்கா பட்டியலைப் புரட்டினார். அவருடைய கட்டுரையையும் அதில் சேர்த்திருந்தேன்.

"ஏஞ்சாமி, எங்கப்பா பழனிசாமி எப்ப ஆராய்ச்சி பண்ணுனாரு? அவரு லாரி ஓட்டறவராச்சே."

"சாப்ட்வேரே எடுத்துக்கிச்சுங்கக்கா."

"அப்ப பட்டத்தையும் அதுக்கே குடுத்துரலாம்."

கட்டுரையில் பி.கவிதா என்றுதான் இருந்தது. இதழின் இணையதளம் குடும்பப் பெயர் கேட்டதால் அக்கா அப்பா பெயரைக் கொடுத்திருக்கிறார். மேற்கோளில் குடும்பப் பெயர்தான் முன்னால் வரும் என்பதால், மென்பொருள் அப்பாவையே ஆசிரியராக்கிவிட்டது. பதறிப்போய் மற்றவற்றையும் பார்த்தேன். எனக்கு வாய்மொழித் தேர்வு நடத்த வரவிருந்த பேராசிரியரும் அவர் தந்தை பெயரில்தான் இருந்தார். மாலைக்குள் எல்லாவற்றையும் திருத்திக் கொடுத்தேன்.

இப்போதும் மென்பொருள்தான் பட்டியலை அடுக்குகிறது. பெயர்களை மட்டும் கட்டுரையின் முதல் பக்கத்தோடு ஒப்பிட்டுவிடுகிறேன். என் கட்டுரையை அனுப்பும்போது, குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தில் என் பெயரையே எழுதுகிறேன். அப்பாவுக்கு முன்னெழுத்து போதும்.