மரத்துக்கு ஒரு வசனம்

சொந்தபந்தங்களே, அக்காவோடு மலைக்குப் போனவர்களே, அக்காவின் நாடகத்தில் வேஷம் கட்டியவர்களே, உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

அக்காவின் முதலாம் ஆண்டுத் திவசத்துக்கு ஒரு நினைவு மலர் போடுவோம் என்று முடிவானதும், கட்டுரையை என் தலையில் கட்டினார்கள். எங்கள் குடும்பத்தில் எழுத வந்தது அக்காவுக்கு மட்டும்தான். நான் அவிசாவளை மருந்துக்கடையில் டொக்டர்மாரின் கையெழுத்தை வாசித்தே காலத்தை ஓட்டுகிறவன். இருந்தாலும் இதை இன்னொருவர் எழுத விட எனக்கு மனம் வரவில்லை.

தெஹியோவிட்டவுக்கு மேலே, பஸ் திரும்புகிற இடத்திலிருந்து இன்னும் ஏறிப்போக வேண்டிய ரப்பர் தோட்டத்தின் மேல் லயத்து வரிசை வீட்டில் அக்கா பிறந்தார். அப்பாவும் அம்மாவும் ரப்பர் மரங்களில் பால் வெட்டினார்கள். அக்கா மூத்தவர், நான் கடைசி. நடுவில் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு முடித்த கையோடு அம்மா படுக்கையில் விழுந்ததால், அக்கா வீட்டு வேலையை ஏற்றார். வயது வந்ததும் அம்மாவின் கத்தியை எடுத்துக்கொண்டு பால் வெட்ட மலைக்குப் போனார். அந்தக் கத்தியில்தான் என் படிப்பு ஓடியது. நான் சட்டை மடிப்புக் கலையாமல் அவிசாவளைக்குப் பஸ் ஏறிய காலையில் எல்லாம், அக்கா அட்டைக்கடியோடு மரத்தடியில் நின்றார். அதை அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

அத்தான் தங்கமான மனிதர். கலியாணமாகிச் சில வருடங்களிலேயே நெஞ்சு வலி வந்து போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. அக்கா மறுபடியும் எங்கள் காம்பராவுக்கே வந்தார். ஒரே அறையில் அப்பா, அம்மா, அக்கா, நான், அடுப்பு, கோழி. மூச்சு விடவே முறை வைத்துக்கொள்ள வேண்டிய அந்த இடத்தில்தான் அவர் நாடகம் எழுதினார்.

அது தொடங்கிய கதை உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். அம்மன் கோயில் திருவிழாவுக்கு வழக்கமாக நாடகம் பழக்குகிற வாத்தியார் ஒரு வருடம் வராமல் கைவிரித்துவிட்டார். கோயில் கமிட்டி முழி பிதுங்கி நின்றபோது, நான் சொல்லித் தருகிறேன் என்று அக்கா போய் நின்றார். லயமே சிரிக்கும் என்று அப்பா குதித்தார். சாமி கதையாக இருந்தால் மட்டும் பார்க்கலாம் என்று கமிட்டி இழுத்தது. அக்கா சரி என்று தலையாட்டிவிட்டு, சாமி கதைதான் எழுதினார். ஆனால் அதில் அம்மன் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு நிறுவைக் கொட்டகை வரிசையில் வந்து நிற்கிறாள். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறாய் என்று கங்காணி அவளைத் திருப்பி அனுப்புகிறார். கமிட்டித் தலைவரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்போது கங்காணியாக இருந்தவர்.

அதன்பின் வருடா வருடம் அக்காவின் நாடகம்தான். முதல் இரண்டு மூன்றில் வசனம் நீளம். வேஷம் கட்டியவர்கள் பாதியில் மறந்துபோய் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். அக்கா கோபப்படவில்லை. எந்த இடத்தில் மறந்தார்களோ அந்த இடத்தில் வசனம் சரியில்லை என்று சொல்லி, அடுத்த வருடம் சுருக்கினார். ஒரு வருடம் ஆட்கள் நடுவிலேயே எழுந்து போனார்கள். அன்று அழுதார், மறுநாள் வெட்டுக்குப் போனார். இப்படித்தான் அக்காவின் கை தேறியது.

ஆனால் அவர் உட்கார்ந்து யோசித்து நான் பார்த்ததே கிடையாது. பகலில் வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு, வாசலில் குந்தி, யாரோ பின்னாலிருந்து சொல்லச் சொல்ல எழுதுவதுபோல் மளமளவென்று எழுதுவார். மழை பெய்து வெட்டு இல்லாத நாளில், நேரம் நிறைய இருந்தும், ஒரு வரி எழுதமாட்டார். அது ஏன் என்று எனக்கு ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை. வெட்டு வேலை இவ்வளவு நேரத்தைத் தின்றும் இப்படி எழுதுகிறாரே, வேலை மட்டும் இல்லாவிட்டால் எப்படி எழுதுவார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

நான் அவிசாவளையில் வீடு கட்டியபோது, பின்பக்கம் அக்காவுக்கென்று ஓர் அறை போட்டேன். ஜன்னலோரம் மேசை, நாற்காலி, மேசை விளக்கு. "இனிமே கத்தியத் தொடக்கூடாதுக்கா. உக்காந்து எழுதுங்க. அது மட்டுந்தான் உங்க வேல" என்றேன். அக்கா அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு மேசையைத் தடவிக்கொடுத்தார். எனக்காக வந்தார் என்று இப்போது தெரிகிறது. அன்று, கடனெல்லாம் தீர்ந்ததுபோல் எனக்கு அப்படி ஒரு தூக்கம் வந்தது.

அந்த மேசையில் அக்கா எதுவும் எழுதவில்லை. முதலில் நாடகம் வராத வருடத்துக்குப் புது இடம் என்று காரணம் சொன்னோம். அடுத்த வருடத்துக்கு வயது என்றோம். அக்கா மேசையில் பயற்றங்காய் நறுக்கினார், என் பிள்ளைகளின் உடுப்பை மடித்தார். காலையில் வீட்டுக்குள்ளேயே கூடத்துக்கும் குசினிக்கும் நடந்துகொண்டே இருந்தார். என் மனைவி அதைக் கவனித்து, அக்காவுக்குக் கால் வலியா என்று என்னிடம் கேட்டாள். நான் தைலம் கொண்டுவந்து கொடுத்தேன். கடை விட்டு வந்ததும் தினமும் நான் கேட்கிற முதல் கேள்வி, இன்றைக்கு எழுதினீர்களா என்பதுதான். ஊக்கம் கொடுப்பதாக எனக்கு நினைப்பு.

ஒருநாள் அக்கா நிதானமாகச் சொன்னார்: "தம்பி, கங்காணி பால் நிறுக்கிற மாதிரி டெய்லி நிறுக்குறடா. வராத பால எங்கேருந்து கொண்டாருவேன்?"

நான் சிரித்தேன். நல்ல வசனம், இதையே நாடகத்தில் வையுங்கள் என்றேன். அவர் சொன்னது காதில் விழுந்ததே தவிர மண்டையில் ஏறவில்லை.

பிறகு ஒரு காலையில் அக்காவைக் காணோம். தெருவெல்லாம் தேடினோம். தெஹியோவிட்ட பஸ்ஸில் ஏறினார் என்று பஸ் ஸ்டாண்டில் கச்சான் கடலை விற்கிறவர் சொன்னார். நான் தோட்டத்துக்கு ஓடினேன். அக்கா தன் பழைய மலையில் இருந்தார். அவருடைய மரங்களை இப்போது வெட்டுகிறவர் சோமா அக்கா. கீழே கிராமத்திலிருந்து வேலைக்கு வருகிற சிங்களப் பெண். சோமா அக்கா கத்தியோடு முன்னால் போக, அக்கா வெறுங்கையோடு பின்னால் போய்க்கொண்டிருந்தார். ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று, மெதுவாக எதையோ சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்கு நடந்தார். நான் கூப்பிடப்போனேன். சோமா அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். "மல்லி, அக்கா வெட கரனவா" என்றார். தம்பி, அக்கா வேலை செய்கிறார், சத்தம் போடாதே என்று அர்த்தம்.

சிங்களமும் தமிழும் கலந்து சோமா அக்கா சொல்லித்தான் எனக்கு விஷயமே தெரிந்தது. வெட்டுகிற சுற்றில் அக்கா ஒரு மரத்துக்கு ஒரு வசனம் வைப்பாராம். பால் எடுக்கிற சுற்றில் அதே மரங்களுக்குத் திரும்ப வரும்போது, வைத்த வசனத்தைக் கேட்டுப் பார்ப்பாராம். நன்றாக இருந்தால் எடுத்துக்கொள்வார். இல்லாவிட்டால் அந்த மரத்தடியிலேயே நின்று மாற்றுவார். வீட்டுக்கு வரும்போது எல்லாம் தயாராக இருக்கும். எழுதுவது மட்டும்தான் பாக்கி. அப்பாவின் சத்தமும் அடுப்புப் புகையும் கோழியும் எட்டாத ஒரே இடம் அதுதான். இத்தனை வருடம் அக்காவின் எழுத்து அறை அந்த மலை. அதிலிருந்து அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, ஜன்னலோரம் உட்காரவைத்து, எழுதுங்கள் என்று சொன்னவன் நான்.

"ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?" என்று பஸ்ஸில் கேட்டேன்.

"நீ ஆசையா மேச செஞ்சு வச்சிருந்த. எப்படிச் சொல்றது?" என்றார். பிறகு, "வெட்டு வேலையில எனக்கென்னடா ஆச. கையெல்லாம் காச்சுப்போச்சு. எனக்கு நடக்கணும், தம்பி. அவ்வளவுதான்" என்றார்.

அதற்குப்பின் வாரத்தில் சில நாட்கள் அக்கா முதல் பஸ்ஸில் போய் வந்தார். நான் தடுக்கவில்லை. ஆனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அக்காவை வைத்துப் பார்க்க முடியாமல் மறுபடி வேலைக்கு அனுப்பிவிட்டான் என்று யாராவது சொல்வார்களோ என்பதுதான் என் கவலையாக இருந்தது. அக்காவோ மறுபடி எழுதத் தொடங்கியிருந்தார். சோமா அக்கா வசனத்தைச் சிங்களத்தில் சொல்லச் சொல்லிக் கேட்பார். அவர் சிரிக்காத இடத்தை அக்கா மாற்றுவார். அப்படி வந்த நாடகங்கள்தான் அக்கா எழுதியவற்றிலேயே சிறந்தவை என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

கடைசியாக எடுத்தது கதவு நாடகம். பென்ஷனான ஒரு கிழவியைக் காம்பராவை விட்டுப் போகச் சொல்கிறார்கள். காம்பரா தோட்டத்துடையது, ஆனால் கதவு அவள் புருஷன் பலாப்பலகையில் செய்து போட்டது. அவள் கதவைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு கிளம்புகிறாள். ஒப்பீசுக்குப் போகிறாள், மகன் வீட்டுக்குப் போகிறாள், கோயிலுக்குப் போகிறாள். போகிற இடமெல்லாம் கதவை வைக்க ஒரு சுவர் கிடைக்கவில்லை. கேட்கக் கேட்கச் சிரிப்பு வரும், பிறகு சிரித்ததற்கு வெட்கமாக இருக்கும். கடைசியில் கதவை எங்கே வைக்கிறாள் என்று என் மனைவி கேட்டாள். தெரியாது, கடைசி வரிசை மரங்களுக்கு இன்னும் போகவில்லை என்றார் அக்கா.

அந்தச் சமயத்தில்தான் மூச்சு வாங்கத் தொடங்கியது. இருதயம் பலவீனமாகிவிட்டது, மேடு ஏறக்கூடாது என்று டொக்டர் சொன்னார். எனக்கு அது போதுமாக இருந்தது. அக்காவின் பஸ் பயணத்தை நிறுத்தினேன். ஓரிரு வாரம் கழித்து ஒருநாள் காலையில் அக்கா சேலை உடுத்து, தலை சீவி, என் முன்னால் வந்து நின்றார்.

"ஒரே ஒரு தடவ கூட்டிட்டுப் போ, தம்பி. அந்தக் கடைசி வரிசை மட்டுந்தான் மிச்சம். ஆட்டோ மலையடி வரைக்கும் போகும். மெதுவா நடப்பேன்."

நான் மழை விடட்டும் என்றேன். மழை ஓயாத எங்கள் சப்ரகமுவையில் மழை விடட்டும் என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும். நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன் என்று மேசையில் போய் உட்கார்ந்தேன். அக்கா எனக்காக வாயைத் திறந்து பார்த்தார். பிறகு என் தலையைத் தடவிவிட்டு, "டீ ஊத்தட்டுமா?" என்று கேட்டார். வெயில் அடித்த நாட்களும் இடையில் வந்தன. அந்த நாட்களில் நான் கடைக்குப் போனேன்.

ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி நாட்களில் அக்கா நாடகத்தைப் பற்றிப் பேசவில்லை. பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று கேட்டார். ஒரு விடியற்காலையில், வெட்டுக்குப் போகிற நேரத்தில், அடங்கிவிட்டார்.

இந்த வருடம் திருவிழாவில் கதவு நாடகத்தை, இருக்கிற வரைக்கும், தோட்டத்துப் பெண்கள் போட்டார்கள். கிழவியாக நடித்தவர் கதவைத் தலையில் வைத்தபடி மேடையில் நின்றார். இதற்குமேல் அக்கா எழுதவில்லை என்று ஒருவர் வந்து சொல்லி விளக்கை அணைத்தார். கொஞ்ச நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை. மறுநாள் நான் சோமா அக்காவோடு அந்தக் கடைசி வரிசைக்குப் போனேன். என்ன எதிர்பார்த்துப் போனேன் என்று எனக்கே தெரியாது. இங்கே அக்கா ஒன்றும் வைக்கவில்லையா என்று கேட்டேன். இல்லை, இங்கே வரவே இல்லையே என்றார் சோமா அக்கா. மேடு கூட இல்லை அது. நடை பழகுகிற பிள்ளைகூட நடக்கக்கூடிய சமதரை.

அக்காவின் உயிரைப் பிடித்து வைக்கப் பாடுபட்ட டொக்டர்மாருக்கும் தாதிமாருக்கும், மழையில் பெட்டியைத் தோள்கொடுத்துச் சுமந்த தோட்டத்து இளைஞர்களுக்கும், கருமாதி வரைக்கும் எங்கள் வீட்டில் உலை வைக்க விடாமல் சோறு கொண்டுவந்த அயல் வீட்டாருக்கும், நாடகத்தைக் கைவிடாத பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. சோமா அக்காவுக்குத் தனியாக. அக்கா செய்தது வேலைதான் என்று முதலில் சொன்னவர் அவர்.

இன்னொன்றும் உண்டு. சாவு வீட்டில் நீங்கள் பலர் என் கையைப் பிடித்துக்கொண்டு, தம்பி என்றால் இப்படி இருக்க வேண்டும், கூடப்பிறந்தவளைக் கடைசிவரை ஒரு வேலை செய்ய விடாமல் உட்காரவைத்துப் பார்த்தான் என்று சொன்னீர்கள். மனதாரச் சொன்னீர்கள். நானும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். அந்த வார்த்தையைத் தயவுசெய்து திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்னபடியேதான் நான் செய்தேன். ஒரு வேலை செய்ய விடவில்லை.