பூப்போட்டுக் கேட்ட பயணம்

மலையகத்தார் கடிதங்களைச் சேர்த்துவைக்கும் மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

இந்த மிலானோ நகரத்தில் இரண்டு பூ வாங்க முடியாது என்பதை, பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்த பிறகு, சென்ற ஞாயிற்றுக்கிழமைதான் அறிந்தேன். சிவப்பில் ஒன்று, வெள்ளையில் ஒன்று என்று விரலைக் காட்டினேன். பூக்கடைக்காரி கையை உதறினாள். "துவே? நோ, சிஞ்ஞோரே! மோர்தி!" இரட்டைப்படைப் பூ இவர்களிடம் செத்தவர்களுக்கு உரியது. சாமிக்கு என்று நான் வானத்தைக் காட்டினேன். எனக்கே நாள் நெருங்கிவிட்டதென எண்ணினாள் போலும். சிலுவைக் குறியிட்டு, மஞ்சளில் ஒன்றை இனாமாகச் சேர்த்துக் கட்டிவிட்டாள்.

எனக்குத் தேவைப்பட்டவை இரண்டே. ஊர் திரும்புவதா, இங்கேயே இருப்பதா என்று சாமியிடம் கேட்க வேண்டியிருந்தது. அப்படிக் கேட்டுத்தான் இங்கு வந்தேன்.

இலங்கையில், யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கடைச் சரக்கு சுற்றி வந்த தாள்களில் தமிழ் கற்றவன். மாலையில், தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவில், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். அதிலேயே மூப்படைவது என் திட்டம். அப்போது மைத்துனன் இத்தாலிக்கு வழி கண்டான். நான் மறுத்தேன். "சாமிகிட்ட கேட்டுருவோங்க" என்றாள் என் மனைவி செல்லம்மா. வழக்கப்படி இரண்டு பூக்களை இலைத்துண்டுகளில் மடித்து அவளே மாரியம்மன் முன் வைத்தாள். வெள்ளை வந்தால் போவது, சிவப்பு வந்தால் இருப்பது. சின்ன மகள் ஒன்றை எடுத்தாள். வெள்ளை. ஆத்தாள் என் திட்டத்தை மாற்றினாள் என்று தலைவணங்கினேன். இங்கே முதியோர் இல்லத்தில் மலப் பாத்திரம் கழுவியபோதும், பிள்ளைக் காம்பராவில் விறகு அடுக்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டபோதும், அந்தப் பூவை நினைத்தே பல்லைக் கடித்தேன்.

ஞாயிறன்று செல்லம்மாவைத் தொலைபேசியில் அழைத்து விவரம் சொன்னேன். சிரித்தாள்.

"அனே, இன்னுமா அத நம்புறீங்க? ரெண்டுலயும் வெள்ளதாங்க வச்சேன்."

"ஆத்தா முன்னாலயா பொய் செஞ்ச?"

"மொதல்ல நெசமாத்தான் கேட்டேன். மூணு வெள்ளிக்கிழம. மூணுலயும் செவப்பு. ஒத்தக் காம்பராவுல ரெண்டு பொம்பளப் புள்ளைங்கள வச்சிக்கிட்டு கெடந்தது ஆத்தாவா, நானா? அவளுக்குத்தான் தனி வீடு இருக்கே!"

"அப்ப சாமி என்னைய இருக்கத்தான் சொல்லிச்சு."

"சொல்லிச்சு. நான்தான் அனுப்புனேன். இப்ப ரெண்டு புள்ளையும் பால் வாளி தூக்கல. ஏசுறதுன்னா என்னைய ஏசுங்க."

தொலைபேசியை வைத்துவிட்டேன்.

கடவுள் வழியை மாற்றினால் நம்பி நடக்க வேண்டும் என்று இங்குள்ள நம்மவர் எனக்கு ஓயாமல் புத்தி சொல்கிறார்கள். நம்பித்தானே நடந்தேன்! என் கோபம் செல்லம்மாமீது மட்டுமன்று. மூன்று முறை 'இரு' என்ற ஆத்தாள், தன் காலடியில் வெள்ளையோடு வெள்ளை வைக்கப்பட்டபோது ஏன் பேசாதிருந்தாள்? ஒரு பல்லியையாவது சொல்லவைத்திருக்கலாமே! அந்த மௌனமும் அவள் உத்தரவுதானா? அப்படி எண்ணினால்தான் நம்பிக்கை மிஞ்சுகிறது. எண்ணவிடாமல் கோபம் தடுக்கிறது. ஆயினும் விளக்கேற்றுகிறேன். ஏற்றிவிட்டு அவளோடுதான் சண்டை பிடிக்கிறேன்.

பூக்களை நான் மடிக்கவில்லை. குவளையில் நிற்கின்றன. ஊருக்குப் போ என்னும் வெள்ளையும், இங்கேயே இரு என்னும் சிவப்பும் வாடிவிட்டன. மஞ்சளுக்கு நான் கேள்வி எதுவும் வைக்கவில்லை. அது மட்டும் வாடாமல் இருக்கிறது.

'சாமி போகச் சொல்லிருச்சு' என்று, என்னிடம் எழுத்துப் படித்த அந்தப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு வந்தேன். அது உண்மையன்று. நான் ஏன் போனேன் என்று அவர்களில் எவரேனும் ஒருநாள் உங்களிடம் கேட்டு வரலாம். ஆகையால் இதைப் பத்திரமாக வைத்திருங்கள்.