சம்பளம் வாங்கித் தந்த கழிவறைப் படங்கள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நாங்கள் ஒன்பது பெண்கள் துப்புரவு வேலை பார்த்தோம். எங்களுக்குச் சம்பளம் தருவது கம்பெனி அல்ல, கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் ஆபீஸ் வைத்திருந்த ஒரு கான்ட்ராக்டர். திடீரென்று கம்பெனி கான்ட்ராக்டரை மாற்றிவிட்டது. பழையவர் எங்கள் இரண்டு மாதச் சம்பளத்தைத் தராமலே ஒதுங்கிக்கொண்டார்.

நான்கு முறை பஸ் ஏறி அவர் ஆபீசுக்குப் போனோம். முதலில் அடுத்த வாரம் என்றார். கடைசித் தடவை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "நீங்க அந்த ரெண்டு மாசம் ஒழுங்கா வேலைக்கே வரலை. வந்ததுக்கு என்ன ஆதாரம் இருக்குது?" என்று கேட்டார். வருகைப் பதிவேடு இருந்ததே அவரிடம்தான். எங்களில் வயதில் மூத்த அக்கா ஒருவர் தமிழும் கன்னடமுமாகக் கெஞ்சிப் பார்த்துவிட்டு, வெளியே வந்து அழுதுவிட்டார். எனக்கோ வீட்டு வாடகை ஏற்கெனவே ஒரு மாதம் பாக்கி.

அந்த வாரம் என் செல்போனில் இடமில்லை என்று காட்டிக்கொண்டே இருந்தது. வேண்டாததை அழிக்க உட்கார்ந்தேன். வாட்ஸ்அப்பைத் திறந்தால் முழுக்கக் கழிவறைப் படங்கள்! கழுவி முடித்ததும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும் என்பது கான்ட்ராக்டர் போட்ட சட்டம். ஒவ்வொரு முறையும் கூனிக் குறுகித்தான் அனுப்புவேன். மொத்தமாக அழிக்கப் போன விரல் அப்படியே நின்றது. ஒவ்வொன்றிலும் தேதி, நேரம், அனுப்பியவர் பெயர். கீழே அவரே போட்ட பதில்: "மூலையில கறை இருக்குது, இன்னொரு தடவை கழுவு."

எங்களை அவர் குழுவிலிருந்து எப்போதோ நீக்கிவிட்டார். ஆனால் எங்கள் போனிலிருந்த பழையது எதுவும் போகவில்லை.

எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்தோம். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு தடவை அடித்துத் திருத்தி மனுவை நானே எழுதினேன். ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டு, கிருஷ்ணகிரி தொழிலாளர் துறை அலுவலகத்தில் கொடுத்தோம்.

விசாரணை நாளில் கான்ட்ராக்டரும் கம்பெனி அதிகாரி ஒருவரும் வந்திருந்தார்கள். "இவங்க வேலைக்கே வரலைங்க மேடம்" என்று கான்ட்ராக்டர் ஆரம்பித்தார். நான் எழுந்துபோய்த் தாள்களை அலுவலர் மேசையில் வைத்தேன்.

"வரலைன்னா, இந்தக் கறையை யாரைக் கழுவச் சொன்னாருன்னு அவரையே கேளுங்க மேடம். அது அவரு நம்பர்தானுங்க."

அந்த அம்மா அவசரப்படாமல் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். பிறகு, கான்ட்ராக்டர் கொடுக்காவிட்டால் கம்பெனிதான் கொடுத்தாக வேண்டும் என்றார். கம்பெனி அதிகாரி திரும்பிக் கான்ட்ராக்டரை ஒரு பார்வை பார்த்தார்.

இருபது நாளில் எங்கள் எல்லோருடைய கணக்கிலும் பைசா குறையாமல் சம்பளம் ஏறியது. அக்கா போன் பண்ணி, "வந்துடுச்சுடி!" என்று கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது.

அதுவரை என் சொந்த ஊரான சாமல்பட்டியில் இருக்கும் சொந்தக்காரர்களிடம், கம்பெனியில் வேலை என்று மட்டும்தான் சொல்லி வைத்திருந்தேன். இப்போது யார் கேட்டாலும் கழிவறை கழுவுகிறேன் என்று நிமிர்ந்தே சொல்கிறேன். அந்தக் கூலியை மனு எழுதிக் கேட்டு வாங்கியவள் என்பதையும் சேர்த்துத்தான்.