அம்மாவுக்குப் பக்தி வந்த வருடம்

நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது அம்மாவுக்குத் திடீரென்று பக்தி முற்றிவிட்டது. அதற்கு முன்பெல்லாம் தைப்பூசம், தீபாவளி என்றால்தான் கோயில். அந்த வருடமோ மாலையானால் போதும், என்னையும் தம்பியையும் குளிக்க வைத்து, தலைவாரி, செந்தூல் ஃபிளாட்டிலிருந்து நடத்தியே கூட்டிக்கொண்டு போய்விடுவார். வெள்ளி என்றால் அம்மன் கோயில், சனி என்றால் பெருமாள் கோயில். மற்ற நாட்களில் எந்தக் கோயிலில் யார் வீட்டு உபயம் என்று அம்மாவுக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

அப்பா மட்டும் வரமாட்டார். கிள்ளான் துறைமுகத்துக்கு லோரி ஓட்டிக்கொண்டிருந்தவர். கம்பெனியை மூடிவிட்டதால் காலையில் வேலை தேடிப் போய், மதியம் பேசாமல் திரும்பி வருவார். அவருக்குச் சாமி மேல் கோபம் என்று நானாகவே முடிவு செய்திருந்தேன்.

கோயிலில் அம்மா கறார். முதலில் பிரகாரம் சுற்ற வேண்டும். பூசை முடியும்வரை கைகூப்பி நிற்க வேண்டும். சாம்பார் வாசனை மூக்கைத் துளைத்தாலும் அன்னதானக் கூடத்தின் பக்கம் திரும்பக் கூடாது. முதல் பந்தியில் உட்காரவே விடமாட்டார். சாப்பிட்டு முடித்ததும் யாரும் சொல்லாமலே மேசைகளைத் துடைப்பார். பிறகு அப்பாவுக்கு ஒரு பொட்டலம் கேட்டு வாங்கிக்கொள்வார். அப்பா விபூதி பூசிக்கொண்டுதான் அதைப் பிரிப்பார்.

"வீட்லயே சமைங்கம்மா, கால் வலிக்குது," என்று தம்பி ஒருநாள் அழுதான்.

"சாமி கூப்பிட்டுச் சோறு போடுது. வரலன்னு சொல்லலாமா?" என்றார் அம்மா.

ஒரு வெள்ளிக்கிழமை, சோறு பரிமாறிய அங்கிள் ஒருவர் எங்களிடம் வந்து நின்றார். "என்னம்மா, எல்லாக் கோயில்லயும் உங்களப் பாக்குறேன்?" என்று கேட்டார்.

அம்மாவின் கை இலையிலேயே நின்றுவிட்டது. எனக்கோ பெருமை தாங்கவில்லை. "எங்கம்மாவுக்கு சாமின்னா உயிரு அங்கிள்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். என் இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார். "நாளைக்குப் பெருமாள் கோயில்லயும் நான்தான் பரிமாறுறேன். கண்டிப்பா வந்துடுங்க லா," என்றார். அன்று அம்மா கேட்காமலே பொட்டலம் வந்தது.

சில மாதங்கள் கழித்து ஷா ஆலாமில் ஒரு கிடங்கில் அப்பாவுக்கு வேலை கிடைத்தது. முதல் சம்பளம் வந்த வெள்ளிக்கிழமை நான் வழக்கம்போல் குளித்து, பாவாடை கட்டிக்கொண்டு கதவருகே நின்றேன். அம்மா அடுப்பில் சாம்பார் வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு வீட்லயே சாப்பிடலாம்மா," என்றார்.

"சாப்பிடவா போனோம்? சாமி கும்பிடத்தானே போனோம்? வேலை கிடைச்சதும் சாமிய மறந்துட்டீங்களா?" என்றேன்.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டுப் புடவை மாற்றப் போனார். அப்பாவும் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார்.

நான்கு பேரும் பிரகாரம் சுற்றினோம். பூசை முடிந்து எல்லோரும் அன்னதானக் கூடத்துக்குப் போனார்கள். அம்மா எங்கள் கையைப் பிடித்து வாசல் பக்கம் நடந்தார்.

"பசிக்குதும்மா," என்றான் தம்பி.

"வீட்ல சோறு இருக்குடா," என்று சொல்வதற்குள் அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. சன்னதியைத் திரும்பிப் பார்த்து அழுதார்.

என் அம்மாவுக்குத்தான் எவ்வளவு பக்தி என்று நினைத்துக்கொண்டே நான் செருப்பை மாட்டினேன்.